தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்தவள்

நீ ஆட்களை வேலையில் வைத்திருக்கவில்லை, பிடித்து வைத்திருக்கிறாய். உன் கழுத்தில் தொங்குகிற அட்டையில் அதற்கு இங்கிலீஷில் நல்ல பெயர் போட்டிருக்கிறது. பொங்கலுக்கு வந்தபோது படித்துக் காட்டினாய். வேலையை விட்டுப் போகிறவர்களைக் குறைப்பதுதான் உன் வேலை என்றாய். குறைத்ததற்காகக் கொடுத்தார்கள் என்று ஒரு கண்ணாடிக் கேடயத்தை பீரோ மேல் வைத்துவிட்டுப் போனாய். காலையில் ஜன்னல் வெயில் அதில் பட்டு, எதிர்ச் சுவரில் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை விழுகிறது. அது மெல்ல நகர்கிறது. நாலு நாள் பார்த்தேன். ஐந்தாம் நாள் பழைய துண்டைப் போட்டு மூடிவிட்டேன். ஏன் மூடினேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லப் பார்த்தேன், உனக்கு மீட்டிங். அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். ஆள் பிடிக்கிற வேலையில் இருக்கிறவன் நீ ஒருத்தன் மட்டும் இல்லையே.

உன்னை இப்படிச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று கேட்பாய். இருக்கிறது தம்பி. அந்த வேலையை உனக்கு முன்னால் செய்தவள் உன் அம்மா நான். நீ கம்பெனிக் கட்டடத்தில் கற்றுக்கொண்டதாக நினைப்பதை, நம் வீட்டில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டுக் கற்றாய்.

சேலம் ரோட்டில் நான் வேலை பார்த்த ஜவ்வரிசி மில் உனக்கு ஞாபகம் இருக்கும். மாவெடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கையைப் பின்பக்கம் கொட்டி வைப்பார்கள், அது புளித்து ஊரே நாறும். உன் பள்ளிக்கூடப் பையில் அந்த வாடை அடிக்கிறது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுவாய். லாரியில் மரவள்ளிக் கிழங்கு வந்து இறங்கும். நாங்கள் முப்பது, நாற்பது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோல் சீவுவோம். எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போய் வந்தவர்கள், பாதிப் பேர் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். நான் பத்தாவது படித்தவள் என்று தெரிந்ததும் முதலாளி என் கையில் வருகை நோட்டைக் கொடுத்தார். அதோடு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியும் கொடுத்தார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அந்த நாற்காலிதான் முக்கியம்.

நோட்டில் பேர் எழுதுவது சின்ன வேலை. ஆட்கள் வேலையை விட்டுப் போகாமல் நிற்க வேண்டும், அதுதான் என் பெரிய வேலை. முதலாளி யாரையும் அடிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை. அவருக்கு அதைவிட நல்ல வழி தெரிந்திருந்தது. வேலை செய்கிற பெண்ணின் பிள்ளைக்குக் காது குத்தினால் மில்லிலிருந்து தாய்மாமன் தட்டு போகும். பெண் வயசுக்கு வந்தால் சேலை போகும். தட்டைச் சுமந்துகொண்டு நான் போவேன். முதலாளி ஒரு நாளும் வந்ததில்லை. தாய்மாமன் என்றால் பிள்ளையை மடியில் வைக்க வேண்டும், எங்கள் பிள்ளைகளை அவர் மடியில் எப்படி வைப்பார்? தட்டு மட்டும் வரும். ஆனால் அந்தத் தட்டை வாங்கியவள் அப்புறம் வேலையை விட வாயெடுக்க மாட்டாள். "எம்புள்ளைக்குச் சீர் வெச்சவரு வூட்ட வுட்டுட்டு எந்த மூஞ்சிய வெச்சிகினு போவறது?" என்பாள். கூலி பக்கத்து மில்லில் ஜாஸ்தி என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் இருப்பாள். மனுஷங்க காசுக்காகத்தான் வேலையில் இருக்கிறார்கள், காசுக்காகத்தான் போகிறார்கள் என்று உன் கம்பெனியில் சொல்லிக்கொடுத்தால் நம்பாதே. எங்கள் மில்லில் பாதிப் பேர் வெட்கத்தால் இருந்தார்கள்.

உன் அப்பா அப்படி இல்லை. லாரியிலிருந்து கிழங்கு இறக்கியவர், எந்த இடத்திலும் ஆறு மாதம் தங்கியதில்லை. மேஸ்திரி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். "இன்னாய்யா, இன்னைக்கும் வுட்டுட்டு வந்துட்டியா?" என்று நான் கத்துவேன். "வேலையத்தான்டி வுட்டேன், வேட்டிய வுடல" என்பார். சாகிற வரைக்கும் அவரை உருப்படாதவர் என்றே பேசினேன். உன் காதில் விழும்படி பேசினேன். அதுவும் என் தப்புகளில் ஒன்று.

போகப்போகிறவளைக் கண்டுபிடிக்க நான் கற்றுக்கொண்டேன். அதற்கு உன்னைப் போல கம்ப்யூட்டர் வேண்டாம். கூலி போதவில்லை, கத்தி மொட்டை, உட்காருகிற இடத்தில் சேறு என்று தினம் சண்டை போடுகிறவள் போக மாட்டாள். இந்த இடம் சரியாகும் என்று அவள் இன்னும் நம்புகிறாள். ஒரு நாள் சண்டையை நிறுத்துவாள். கேட்டதற்கெல்லாம் சரிக்கா என்பாள். வழக்கத்தைவிட நன்றாக வேலை செய்வாள். கத்தியைக் கழுவித் துடைத்து வைப்பாள். பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் வாங்கின சீப்பைத் திருப்பிக் கொடுப்பாள். அப்புறம் ஒரு திருவிழாவுக்கு என்று ஊருக்குப் போவாள், வர மாட்டாள். முகத்துக்கு நேராகப் போகிறேன் என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வராது. சொன்னால் தட்டு ஞாபகம் வந்துவிடும்.

ராமாயி அப்படித்தான் போனாள். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் அவள் ஊர். வேகமாகச் சீவுவாள், சீவும்போது பக்கத்து ஆளைக் கிண்டல் பண்ணிச் சிரிக்க வைப்பாள். அவள் கை வேகத்தைப் பார்த்து முதலாளி அவளை அரவை மிஷினுக்கு மாற்றச் சொன்னார். அங்கே கிழங்கைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். பக்கத்திலேயே மோட்டாரிலிருந்து மிஷினுக்கு அகலமான பட்டை ஓடும். அதற்கு மேல் மூடி கிடையாது. முன்பு இருந்தது, அடிக்கடி கழற்றி மாட்ட நேரமாகிறது என்று கழற்றி மூலையில் சாத்திவிட்டார்கள். இரண்டாம் நாளே என்னிடம் வந்தாள்.

"யக்கா, அந்தப் பட்டை என்னியே பாத்துகினு இருக்குது."

"பட்டைக்குக் கண்ணு இருக்குதாடி? ஒம்மூஞ்சிக்கு அது வேற பாக்குதா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அடுத்த வாரம் மறுபடி சொன்னாள். "நீ நம்ம வூட்டுப் பொண்ணு, நீயே இப்பிடிச் சொல்லலாமா?" என்று தோளைத் தட்டினேன். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள். அப்புறம் அவள் சொல்லவே இல்லை. கிண்டலையும் நிறுத்தினாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மலையில் திருவிழா வந்தது, போனாள், வரவில்லை.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இன்னாம்மா, ஒன் ஆளு பூட்டா போலக்குதே" என்றார். என் ஆள். அந்த வார்த்தைக்காக நான் எழுந்து ஓடினேன். ஏன் போனாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவளை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று மட்டும்தான் யோசித்தேன். மறுநாள் விடியற்காலை உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கச்சிராயபாளையம் போய் மலை பஸ் பிடித்தேன். நீ அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தாய்.

மலை ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்தவர் எதிரியாக இருந்தாலும் முதலில் தண்ணீர். வந்தவர் அதைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தால், அந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, யாரும் சாப்பிடக்கூடாது. அது எனக்குத் தெரியும். ஏற்கெனவே இரண்டு பேரை அப்படித்தான் திரும்பக் கூட்டி வந்திருந்தேன். ராமாயி வாசலில் போய் உட்கார்ந்தேன். அவள் புருஷன் சடையன் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தான். "வெயில்ல வந்திருக்கிற, குடிக்கா" என்றான். "ராமாயிய வரேன்னு சொல்லச் சொல்லு, குடிக்கிறேன்" என்றேன். சொம்பைத் தரையில் வைத்துவிட்டுப் போனான். வெயில் ஏறியது. என் நாக்கு ஒட்டிக்கொண்டது. உள்ளே ராமாயியின் பெண் குழந்தை பசியில் அழுகிற சத்தம் கேட்டது, மூன்று வயசு. அதன் காதுகுத்துக்குத் தட்டுக் கொண்டு வந்தவளும் நான்தான். சடையன் மறுபடி வந்தான். "நீ இன்னா மனுஷியா, இல்ல வேற ஏதாச்சுமா? கொழந்தைக்கு ஒரு வாய் கூழு குடுக்க முடியல" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன், எழுந்திருக்கவில்லை. நிழல் என் காலடிக்கு வந்தபோது ராமாயி வெளியே வந்தாள். சொம்பை எடுத்து வலது கையால் என்னிடம் நீட்டினாள்.

"குடிக்கா. வரேன். குடி."

குடித்தேன். ஊற்றுத் தண்ணீர், குளிர்ந்து இனித்தது. இத்தனை வருஷம் ஆகியும் எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் முதல் வாயில் அந்த ருசி வருகிறது. தண்ணீர் குடிக்கும்போது ஏன் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்று நீ சின்ன வயசில் கேட்பாயே, இதனால்தான்.

அன்றைக்கே பஸ்ஸில் அவளைக் கூட்டி வந்தேன். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். அதற்குப் பதினோராவது நாள், சேலைக்கு மேல் போட்டிருந்த சடையன் சட்டையின் கை பட்டையில் மாட்டியது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சத்தம் கேட்டு எழுந்து ஓடியவர்களில் நான் கடைசி ஆள். முழங்கைக்குக் கீழே எதுவும் இல்லை. அவள் கத்தவில்லை. என்னைத்தான் பார்த்தாள். பட்டை பார்க்கிறது என்று அவள் சொன்னபோது எனக்கு விளங்காதது அப்போது விளங்கியது. உன் கேடயத்திலிருந்து சுவரில் நகர்ந்த வெள்ளைப் பட்டையும் அப்படித்தான் என்னைப் பார்த்தது, அதனால்தான் துண்டைப் போட்டு மூடினேன்.

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். அதற்குள் மூலையில் கிடந்த மூடியைத் துடைத்து மாட்டிவிட்டார்கள். முதலாளி என்னைக் காட்டி, "பொம்பளைங்கள இவங்கதான் பாத்துக்கறாங்க" என்றார். "தொளதொளன்னு சட்டை போடாதன்னு பலவாட்டி சொன்னேங்க, அவதான் கேக்கல" என்றேன். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாக வந்தது. அதை எழுதி, என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார். எங்கள் கூட்டத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் படித்த பத்தாவது அதற்குத்தான் உதவியது.

அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம் அங்கே இருந்தேன். உன் படிப்புக்காக இருந்தேன் என்று உன்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அது பொய். கூலிக்குக் களை எடுத்தே உன்னைப் படிக்க வைத்திருக்கலாம், அப்படிப் படிக்க வைத்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். நான் இருந்தது நாற்காலிக்காக. எங்கள் அப்பா முதலாளிமார் வீட்டுக் களத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே செத்தார். எங்கள் வம்சத்தில் யாரும் முதலாளி எதிரில் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. நான் உட்கார்ந்தேன். மற்றவர்கள் என்னை மேஸ்திரியம்மா என்றார்கள். நம்மைக் காலகாலமாகத் தரையில் உட்கார வைத்தவர்களுக்கு, நம்மை விலைக்கு வாங்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போதுமாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். அவர்கள் மேல் கோபம் பாதி, என் மேல் பாதி. நானாக அந்த வேலையை விடவும் இல்லை. மில்லை மூடினார்கள், வெளியே வந்தேன். மூடாவிட்டால் இன்றும் அங்கேதான் இருப்பேன்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு மறுநாள் காலை டீ குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாய்.

"அம்மா, ராமாயின்னு ஒன்கூட மில்லுல இருந்துச்சே, அது பொண்ணு செல்வி எங்க கம்பெனியிலதான் இருந்துச்சி. சொல்லாம கொள்ளாம ஊருக்குப் பூட்டா. நல்ல கை. நீ ஒரு வாட்டி மலைக்குப் போய்ட்டு வாயேன். ஒனக்குத்தான் அந்த டெக்னிக்லாம் தெரியுமே."

சிரித்தாய். நான் என் டீயைக் கீழே வைத்தேன்.

"வரலன்னா?" என்றேன்.

"வராம எங்க போவா? சர்டிபிகேட்டு ஒரிஜினல்லாம் எங்ககிட்டதான இருக்குது."

நீ என் பிள்ளை. அந்த டம்ளரைப் பிடித்திருந்த விதம், ஆளைப் பற்றிப் பேசும்போது கண்ணைச் சுருக்குகிற விதம் எல்லாம் என்னுடையது. ஒன்றைக் கவனித்தேன். போன வருஷம் வரைக்கும் வீட்டுக்கு வந்தால் உன் மேனேஜரைத் திட்டுவாய், கம்பெனியைத் திட்டுவாய், சாம்பாரில் உப்பில்லை என்று என்னோடு சண்டை போடுவாய். இந்தப் பொங்கலுக்கு ஒரு சண்டையும் இல்லை. கேட்டதற்கெல்லாம் சரிம்மா என்றாய். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தாய். அது எனக்கு எதைச் சொல்லும் என்று உனக்கே தெரியும். எந்த இடத்தை விட்டுப் போகிறாய் என்பதுதான் தெரியவில்லை. கம்பெனியை விட்டா, என்னை விட்டா, இல்லை மனுஷனாக இருப்பதை விட்டா?

மலைக்குப் போனேன். உனக்காகப் போகவில்லை. பதினாறு வருஷத்தில் ஒரு முறையும் போகாதவள், செல்வி பெயர் காதில் விழுந்த பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. ராமாயி வாசலில் புளியை உலர்த்திக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். இடது கையால் நீட்டினாள்.

"எடது கையில குடுக்கறேன்னு நெனச்சிக்காத. இருக்கறது இதான்."

நான் வாங்குவதற்குள் மறுபடி சொன்னாள். "இன்னா, இன்னைக்கும் குடிக்காம ஒக்காரப் போறியா? எம்பொண்ண இட்டுகினு போவத்தான வந்த?"

வாங்கிக் குடித்தேன். ஒரே மூச்சில், கண்ணைத் திறந்துகொண்டு, சட்டை நனைகிற குழந்தை மாதிரி சேலையெல்லாம் நனையக் குடித்தேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இட்டுகினு போவ வரல. ஏன் வந்துட்டான்னு கேக்க வந்தேன்" என்றேன்.

ராமாயி சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு, "அன்னைக்கி இத நீ என்னக் கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள்.

செல்வி வெளியே வந்து கதவோரம் நின்றாள். என்னிடம் நேராகப் பேசவில்லை, அவள் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். அவள் நின்றது மேலிருந்து இறங்கித் தகட்டை அழுத்துகிற பிரஸ் மிஷின், உள்ளே கை இருந்தால் இறங்காமல் நிற்பதற்காக அதில் கண் மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்களாம். அது அடிக்கடி மிஷினை நிறுத்துகிறது, எண்ணிக்கை குறைகிறது என்று அந்தக் கண் மேல் டேப் ஒட்டிவிட்டார்களாம். கருப்பு டேப். மிஷின் நிற்காமல் இறங்குகிறது. அவள் அதை உன்னிடம் வந்து சொன்னாளாம்.

"அந்த அண்ணன் இன்னா சொல்லிச்சி?" என்று ராமாயி கேட்டாள். நான் கேட்க வேண்டியதை அவள் கேட்டாள்.

"நீ நம்ம வூட்டுப் பொண்ணு, நீயே இப்பிடிச் சொல்லலாமான்னு சொல்லிச்சி. மறுநாள் எனக்குப் பொறந்த நாளு. எல்லாரையும் கூட்டி வெச்சி கேக்கு வெட்டுச்சி. தங்கச்சின்னு சொல்லி ஊட்டி வுட்டுச்சி. கைதட்டுனாங்க. அதுக்கப்பறம் எப்பிடி மறுபடி போய்ச் சொல்றது? வந்துட்டேன்."

தாய்மாமன் தட்டுதான் கேக்காக மாறியிருக்கிறது. அதே வாக்கியம், எழுத்து மாறாமல், என் வாயிலிருந்து உன் வாய்க்கு வந்திருக்கிறது. நான் மில்லிலிருந்து வந்து அன்றன்றைக்கு யாரை எப்படி மடக்கினேன் என்று ராத்திரி உன் அப்பாவிடம் பெருமையாகச் சொல்வேன், நீ தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது ராமாயி பஸ் நிற்கிற இடம் வரை வந்தாள். என்னை மன்னித்துவிட்டாள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை. பஸ் வந்தபோது, "ஒரு பொண்ணு தப்பிச்சி வந்துட்டா. அந்த எடத்துல இப்ப எவளோ ஒருத்தி நிப்பா இல்ல?" என்றாள். அவ்வளவுதான்.

செல்வி ஏன் போனாள் என்று நீ பூர்த்தி செய்த பாரத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதியிருப்பாய். நானும் மில் வருகை நோட்டில் அப்படித்தான் எழுதுவேன். அவளுடைய சாதிச் சான்றுக்கு மலையில் எத்தனை வருஷம் அலைந்திருப்பார்கள் என்று உனக்குத் தெரியும், அதை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறாய். அதை ரிஜிஸ்டர் தபாலில் அவளுக்கு அனுப்பிவிடு. அது உன் கையில் இருக்கிற காரியம், அதற்கு நான் கெஞ்சப் போவதில்லை.

நான் கேட்பது வேறு. மலையிலிருந்து வந்த அன்றைக்கே போன் பண்ணி அந்த டேப்பைப் பிரித்தாயா என்று கேட்டேன். "சாப்ட்டியாம்மா?" என்றாய். மறுநாள் கேட்டேன். "பிரஷர் மாத்தர போட்டியாம்மா?" என்றாய். ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். லைனில் நீ இருக்கிற சத்தம் கேட்டது, பின்னால் மிஷின் இறங்குகிற சத்தமும் கேட்டது. வைத்துவிட்டாய். டேப்பைப் பிரிக்கும் வரை நீ நீட்டுகிற தண்ணீரைக் குடிக்க மாட்டேன் என்று உன் வீட்டு வாசலில் நான் வந்து உட்காரலாம். எனக்கு அது தெரியும். ஆனால் அந்த வித்தையை இனி யாரிடமும் காட்ட மாட்டேன், உன்னிடமும்.

அந்த மிஷினில், செல்வி நின்ற இடத்தில், இன்றைக்கு ஒருத்தி நிற்கிறாள். எந்த ஊர், யார் பெண், இடது கையா வலது கையா உள்ளே போகிறது என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும், உன் நோட்டில் இருக்கிறது. அவள் பெயர் என்ன? அதை எழுதி அனுப்பு.